அலமாரிக்குள் அப்பா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். யார் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். ஒருநாள் கரண்ட் போய் எங்கள் கட்டட லிஃப்டே நின்றது. உள்ளே தனியாக மாட்டிக்கொண்டவள் எங்கள் ஆறு வயது மகள். அவரேதான் கதவைப் பிரித்து அவளை வெளியே தூக்கினார்.

அன்றிலிருந்து மூடிய கதவு என்றாலே அவளுக்கு ஆகாது. லிஃப்ட் பக்கமே போகமாட்டாள். ஐந்தாவது மாடிக்கு அவர்தான் மூச்சிரைக்கத் தூக்கி ஏறுவார். வகுப்புக் கதவைச் சாத்தினால் அலறுகிறாள் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த வாரமும் இப்படியே போனால் இந்த வருடம் அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

இந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விளக்கம் சொல்வது. படம் போட்டுக் காட்டி, "மேல நாலு கயிறு இருக்கும்மா. ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும்" என்றார். கயிறு அறுந்துபோகும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு மாடிப்படிக் கைப்பிடியைக்கூட விடமாட்டேன் என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளோ பொம்மையைச் செருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடுவாள், திறப்பாள், மறுபடியும் மூடுவாள். பொழுதுக்கும் இதே வேலை. "பயத்தையே வெச்சு விளையாடுது பாரு" என்று எரிச்சலில் பெட்டியைப் பிடுங்கினார்.

"குடுத்துத் தொலைங்க! உங்க கயிறு கதைக்கு இது எவ்வளவோ தேவல" என்று கத்தினேன்.

அவள் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. துணி அலமாரியைக் காட்டி, "அப்ப நீ உள்ள போப்பா" என்றாள்.

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அவள் பூட்டினாள். கொஞ்ச நேரத்தில், "போதும், திறம்மா" என்றார்.

"அழக் கூடாது. இதோ வந்துட்டேன்" என்றாள். அன்று லிஃப்ட் கதவிடுக்கில் அவர் சொன்னது அதேதான். சொல்லிவிட்டு அவள் அசையவே இல்லை. அவர் தட்டினார், பிறகு இடித்தார். நான் சாவியைத் தொடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டு, அவளே நிதானமாகத் திறந்தாள். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பயந்துட்டியா?"

"சேச்சே, எனக்கென்ன பயம்?"

மறுபடியும் படாரென்று சாத்தினாள்.

"ஆமாம்மா, பயந்துட்டேன்" என்று உள்ளே குரல் கம்மியது.

கதவு திறந்தது. அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி உள்ளே ஏறியவள், மடியில் உட்கார்ந்து, தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். வெளியே நின்ற எனக்கு அவள் குரல் மட்டும் கேட்டது.

"நான் இருக்கேன்ல. அழணும்னா அழுப்பா."