மலையடிவாரத்தில் ஒரு சிதறுகாய்

எங்கள் அடுக்ககத்தில் தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு கொலை நடக்கப்போகிறது. இருபத்திரண்டு வருடமாகியும் இன்னும் நடக்கவில்லை. தில்லி மயூர் விஹாரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே, காரை யார் முதலில் எடுப்பது என்று இரண்டாம் மாடிக்காரரும் நான்காம் மாடிக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் வீட்டுப் பெண்களை மற்றவர் வசவில் வரிசையாகத் தெருவுக்கு இழுப்பார். நான் யார் தெரியுமா என்று இருவருமே கேட்பார்கள். ஐந்தே நிமிடம். பிறகு இருவரும் கேட்டுக்கு வெளியே ஒரே கடையில் நின்று டீ குடிப்பார்கள். வந்த புதிதில் நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போலீசுக்குச் சொல்லலாமா என்று மனைவியைக் கேட்டவன். நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எங்கள் பக்கம் சண்டை முற்றினால் குரல் இறங்கும். "அப்படியா" என்று ஒருவன் மெல்லக் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். தில்லி அந்தப் பாடத்தை எனக்குள்ளிருந்து அழித்துவிட்டது. இப்போது நானும் ஆட்டோக்காரரிடம் அடிவயிற்றிலிருந்து கத்துகிறேன். சத்தம் இல்லையென்றால் சங்கதி ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கும் போன மழைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

செல்வம் மதுரைப் பக்கத்துப் பையன். பையன் என்றால் முப்பத்தெட்டு வயது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். மாற்றலாகி வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அவனுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்ததும், காய்கறிக்காரனிடம் பேசும் அளவுக்கு இந்தி சொல்லிக் கொடுத்ததும் நான். என்னை "அண்ணே" என்பான். அந்த வார்த்தையைச் சும்மா ஒப்புக்குச் சொல்கிறவன் இல்லை. பாஸ்கர் வேறு மாதிரி. அப்பா மத்திய அரசு வேலையில் இருந்ததால் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. பேசும் தமிழ் நொண்டும். அவன் பேசினால் செல்வம் சிரிப்பான், நானும் சேர்ந்துகொள்வேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. ஏதாவது மலை ஏறலாம் என்றான் செல்வம். என் காரில் உத்தராகண்டுக்குப் போனோம். மலையின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

இமயமலை என்றவுடன் உங்கள் கண்ணில் பனி வரும். அடிவாரத்து மலைகளில் ஆடி ஆவணியில் பனி கிடையாது. அது மழைக்காடு. மரத்தில் பாசி, பாசியில் பெரணி, இலைக்கு அடியில் அட்டை. மண் மண்ணாக இருக்காது, கரைத்த மாவாகக் கிடக்கும். எனக்கு அது புதிதில்லை. கல்லூரி நாட்களில் எங்கள் பொதிகைப் பக்கத்து மலையில் ஐந்து பேர் இப்படித்தான் மழையில் ஏறினோம், அனுமதி வாங்காமல். இறங்கும்போது ஒரு காவலாளி எங்களைப் பிடித்தான். யாருடைய யோசனை இது என்று கேட்டு, மூங்கில் கழியை ஓங்கினான். எங்களில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. முதலில் நின்றவன் முதுகில் விழுந்தது. அடுத்த அடிக்கு இரண்டாமவன் தானாக முன்னால் வந்து நின்றான். அப்படியே ஐந்து பேரும் வாங்கினோம். என் தோள்பட்டையில் ஒரு வாரம் அந்தக் கழியின் தடம் இருந்தது. அதை நான் எத்தனையோ பேரிடம் சட்டையைக் கழற்றாத குறையாகச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். செல்வத்திடமும் சொல்லியிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ரோட்டோரம் காரை நிறுத்தினோம். பாதை தொடங்கும் இடம் கொஞ்சம் மேலே இருந்தது. செல்வம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கிய குடுமித் தேங்காய் ஒன்றைப் பையில் கொண்டு வந்திருந்தான். மலை ஏறுமுன் அடிவாரத்தில் ஒரு சிதறுகாய் விடாமல் அவனுக்குக் கால் எழும்பாது. "சாமி மலையோ சும்மா மலையோ, நமக்கென்னண்ணே தெரியும். ஒரு காயை விட்டுட்டு ஏறுவோம்" என்றான். குடையைக் காரிலேயே மறந்துவிட்டதால் நான் திரும்பிப் போனேன். வரும்போது மேலே அவன் காயைத் தலைக்கு மேல் ஓங்குவது தெரிந்தது. வலுவாக வீசக்கூடியவன். காய் தூள் தூளாகச் சிதறினால்தான் தடை விலகும் என்று நம்புகிறவன். வெடித்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

பாதையில் புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள் எனக்கு எதிரே இறங்கி வந்தார்கள். ஒருத்தி தலைத்துணியின் நுனியால் புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். துணி சிவந்திருந்தது. முள் கிழித்திருக்கும் என்று நினைத்து வழிவிட்டேன். நான் மேலே போனபோது செல்வம் சிரித்துக்கொண்டே சொன்னான். "ஒரு சில்லு அந்தக்காமேல பட்டிருச்சுண்ணே. நம்மூரா இருந்தா இந்நேரம் பொறுக்க ஓடி வந்திருப்பாக. நான்தான் எடுத்து 'லே லோ, லே லோ'ன்னு நீட்டுனேன். வாங்காம போயிட்டாக." அவன் காயை வீசிய கல் முழங்கால் உயரம், கருப்பு, பாசி படர்ந்தது. அதன் ஒரு ஓரம் புதிதாகப் பெயர்ந்து வெளுப்பாகத் தெரிந்தது. கல்லுக்குப் பின்னால் ஒரு குச்சியில், மழையில் வெளிறிப்போன சிவப்புத் துணி கட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் வடக்கே இருப்பவனுக்கு அந்தத் துணியின் அர்த்தம் தெரியும். அது சும்மா கல் இல்லை, அந்த ஊரின் தெய்வம். அங்கே தேங்காயைத் துணியில் சுற்றி முழுதாக வைப்பார்கள். தெய்வத்தின் மேலேயே ஓங்கி அடித்து உடைக்க மாட்டார்கள். தெரிந்தும் நான் சொன்னது ஒரே வார்த்தை: "போகலாம்." மழை வலுக்கும் முன் ஏற வேண்டும் என்ற அவசரம், வேறொன்றுமில்லை. அப்போதே இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம் கைகூப்பியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏற்றம் எங்களை நொறுக்கியது. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கியது. பிடித்த வேர் கையோடு வந்தது. பாஸ்கர் ஒரு பள்ளத்தில் இடுப்பளவு புதைந்தான், இழுத்து எடுத்தோம். "அண்ணா, இந்த ராஸ்தால ரொம்ப கீச்சட் இருக்கு, வாபஸ் போலாம்" என்று நாலு தரம் சொன்னான். சேறு என்ற வார்த்தை அவனுக்கு வரவில்லை. செல்வத்தின் கெண்டைக்காலில் ஏழு அட்டைகள். பிய்த்த இடமெல்லாம் ரத்தம் நிற்காமல் வழிந்தது. இடி பக்கத்து மரத்தில் விழுந்தபோது மூவரும் சேற்றில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டோம். உச்சியில் மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஆளுக்கு இரண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு இறங்கத் தொடங்கினோம்.

இறங்கும்போது என் வலது செருப்புப் பட்டை அறுந்தது. அதைக் கட்டிக்கொண்டிருந்ததில் நான் இருபது முப்பது அடி பின்தங்கினேன். கீழே கல்லைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. வயதான ஒருவர் எழுந்து, வெகு மெதுவாக, "கிஸ்னே தோடா, பேட்டா" என்று கேட்டார். யார் உடைத்தது, மகனே. அந்தக் குரலில் இருந்த சாந்தத்தைக் கேட்டு நான் நிம்மதியானேன். அம்பாசமுத்திரத்தை மறந்தவனுக்குக் கிடைத்த நிம்மதி அது. செல்வமோ புண்ணிய காரியத்தைச் செய்தது யார் என்று விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். நெஞ்சில் கை வைத்து, பல் தெரியச் சிரித்து, "ஹம்னே தோடா. அச்சா ஹோதா ஹை" என்றான். நான்தான் உடைத்தேன், நல்லது நடக்கும்.

முதல் அடி வாயில் விழுந்தது. சிரித்த வாய் அப்படியே கிழிந்தது. பிறகு தடிகள். புல் அறுக்கப் போகிறவர்கள் ஊன்றும் கனமான தடிகள் அவை. முழங்காலுக்குக் கீழே ஒன்று, விலாவில் ஒன்று. செல்வம் சேற்றில் விழுந்தான், விழுந்தவனை உதைத்தார்கள். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போன்ற சத்தம். அப்போதும் யாரும் கத்தவில்லை. எலும்பில் தடி படும்போது எழும் சத்தமும் மழையும்தான் கேட்டன. ஒரு இளைஞன் என்னைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தான். அவன் தடியின் நுனியில் ரத்தமும் மயிரும் ஒட்டியிருந்தன. "நீயும் இவர்களோடு வந்தவனா?" என்று இந்தியில் கேட்டான்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. "நஹீ பாய். மை(ன்) தில்லி கா ஹூ(ன்)" என்றேன். இல்லையப்பா, நான் தில்லிக்காரன். தில்லிக்காரர்கள் சொல்வதுபோலவே, லேசான அலட்சியத்தோடு, தோளைக்கூடக் குலுக்கினேன். அவன் சந்தேகப்படவில்லை. கீழே செல்வம் முகத்தைத் திருப்பினான். ஒரு கண் மூடிக்கொண்டது. திறந்திருந்த கண் என்னைப் பார்த்தது. நான் பேசிய இந்தி அவனுக்குப் புரியாமல் இருக்காது, அவனுக்கு இந்தி சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.

அதுவரை விலக்கிவிட முயன்றுகொண்டிருந்த பாஸ்கர், செல்வத்தின் மேல் குப்புற விழுந்து அவனை மூடிக்கொண்டான். என்ன காரணமோ, பிறந்ததிலிருந்து இந்தியில் கனவு காண்கிறவன், இந்தி பேசும் மனிதர்களிடம், தமிழில் பேசினான். "அடிக்காதீங்க. ப்ளீஸ் அடிக்காதீங்க. இவன் என் ஆளு, இவன் என் ஆளு." ஒரு எழுத்து நொண்டவில்லை. அடுத்த தடி அவன் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்தது நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நிறுத்தியது அந்தப் பெண்தான். புருவத்தில் மஞ்சள் அப்பியிருந்தாள். கீழேயிருந்து ஓடிவந்து நடுவில் புகுந்து, ஒருவன் கையிலிருந்து தடியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தாள். செத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னாள். பெரியவர் கையைக் காட்டினார். எல்லோரும் தள்ளி நின்றார்கள். பிறகு அவர் என்னிடம் வந்தார். அடித்தது போதும் என்று ஆனதும் அவர்கள் பயந்துவிட்டார்கள், முகத்தில் தெரிந்தது. "பாபுஜி, நீங்கள் நல்லவர் மாதிரி தெரிகிறீர்கள். கீழே நிற்கும் தில்லி வண்டி உங்களுடையதா? இந்த இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போங்கள், புண்ணியம்" என்றார். அவர்களே தூக்கி வந்து என் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு நான் உதவுவதாக நினைத்து ஒருவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தப் பெண் கண்ணாடி டம்ளரில் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். நின்றபடி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வளைவு தாண்டியதும் காரை நிறுத்தினேன். "செல்வம், மன்னிச்சுக்கடே. நானும் விழுந்துட்டா உங்களைக் கொண்டுபோக ஆள் வேணும்லா" என்றேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மனைவி இன்றுவரை அதையேதான் எனக்குச் சொல்கிறாள். ஆனால் அந்த நியாயம் காரில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது என்பது அவளுக்குத் தெரியாது. செல்வம் முகத்தைச் சீட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டான். வாயில் இரண்டு பல் இல்லை, அதனால் பேச முடியவில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். என்ன நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, மலையில் சறுக்கி விழுந்தோம் என்றான் பாஸ்கர். மூன்று பேரும் வந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை, இவர் வழியில் ஏற்றிக்கொண்டவர் என்று செல்வம் இந்தியில் சொன்னான். வீங்கிய உதட்டோடு, நான் கற்றுக் கொடுத்த இந்தியில்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் மூன்று தடவை கிளம்பி மெட்ரோ வரை போய்த் திரும்பியவன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. செல்வம் ஏதோ மதுரைக் கிண்டல் சொல்ல, பாஸ்கர் அவனுடைய நொண்டித் தமிழில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். இருவரும் சிரித்தார்கள். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சிரிப்பு நின்றது. பாஸ்கர் கட்டுப்போட்ட தோளோடு எழ முயன்று, "வாங்க அண்ணா" என்றான். செல்வம் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். கோபம் எதுவும் காட்டவில்லை. குரல் மிக மிகத் தணிந்திருந்தது.

"ஆயியே, பாய்சாப். பைட்டியே" என்றான். வாருங்கள் ஐயா, உட்காருங்கள்.

உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறாய் என்று தமிழில் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், தில்லியில் வழி கேட்கும் வெளியூர்க்காரர்களின் மரியாதை இருந்தது. "தபியத் கைசீ ஹை" என்றுதான் வந்தது, உடம்பு எப்படி இருக்கிறது என்று. பரவாயில்லை என்று அதே மொழியில் சொன்னான். அதன் பிறகு இருவரும் விட்ட இடத்திலிருந்து தங்களுக்குள் தமிழில் பேசத் தொடங்கினார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலில் எதிர்ச்சீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்பவன் போல, புரியாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.