கிட்டாருக்குள் போன குரல்

மேடையில் பாடுகிறவளுக்கு முதல் எதிரி பக்கத்தில் நிற்கிற எலக்ட்ரிக் கிட்டார்தான். ஜலதோஷம், மைக், கூட்டம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். எழுபதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம் போடிநாயக்கனூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடியவள் என்கிற உரிமையில் இதைச் சொல்கிறேன். என்றைக்காவது ஒரு கல்யாண மேடையில் தொண்டை கிழியப் பாடியும் யார் காதிலும் விழாமல் இறங்கி வந்தவராக நீங்கள் இருந்தால், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். நாம் எல்லாம் ஒரே ஜாதி.

எங்கள் குழுவில் இன்னொரு கஷ்டமும் உண்டு. குழுவை நடத்திய சௌந்தரபாண்டி அண்ணன் அக்கார்டியன் வாசிப்பார். கச்சேரி முடிந்ததும் அதை இறக்கி வைத்துவிட்டு, வெற்றிலை போடுகிற சாக்கில் பந்தல் வாசலில் போய் நின்றுகொள்வார். கலைந்து போகிற ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்பார். அதுதான் எங்களுக்குப் பரீட்சை முடிவு. "தபேலா தூங்குது" என்று யாரோ போகிற போக்கில் சொன்னதற்காக ஒரு தபேலாக்காரரையே மாற்றியவர் அவர். எனக்கு முன்னால் பாடிய பெண்ணும் அப்படித்தான் வீட்டுக்குப் போனாளாம். நானோ மாமியார், நாத்தனார், கொழுந்தனார் என்று ஒவ்வொருவராகச் சமாதானம் செய்துவிட்டு மேடை ஏறியவள். பாட்டை விட்டால் எனக்கு வேறு ஆசை கிடையாது. அந்தப் பாட்டு, வாசலில் போகிற முகம் தெரியாத ஒருவர் வாயில் இருந்தது.

முதல் கச்சேரி

ஓர் ஏலக்காய் வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்பு. எனக்கு இடது பக்கம் கிட்டார் தங்கவேல் நின்றான். பகலில் ஏலக்காய்க் கடையில் வேலை, சாயங்காலமானால் தோளில் சிவப்புக் கிட்டார். என்னைவிடச் சின்னவன், அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் கிட்டாரில் கை வைத்ததும் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. முன்வரிசையில் பந்திக்குக் காத்திருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டே கை தட்டினார்கள். பொத்திய காதோடு எப்படித் தட்டினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், தட்டினார்கள்.

நான் பாடினேன் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. வாசலில் அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் தாய்மாமா நேராக அவரிடமே வந்து சொன்னார்: "பாப்பா வாயசைச்சது நல்லாத் தெரிஞ்சதுப்பா. சத்தந்தான் கித்தாருக்குள்ள போயிருச்சு."

ஒரே வாசலில் இரண்டு பேர்

"இன்னும் ஒரே ஒரு கச்சேரி பாப்பம் தாயி" என்று அண்ணன் சொல்லிவிட்டார். மறுநாள் ஒத்திகைக்குச் சண்டை போடத் தயாராகவே போனேன். தங்கவேல் கிட்டாரைத் திருப்பிக் காட்டினான். கம்பிகளுக்கு அடியில் இரண்டு இடத்தில் காந்தம் பதித்திருந்தது. பிக்கப் என்று அதற்குப் பெயர்; அவன் காந்தம் என்றுதான் சொல்வான். கழுத்துப் பக்கம் இருப்பது முன் காந்தம், கம்பி முடிகிற இடத்தில் இருப்பது பின் காந்தம். ஒரே கம்பியை ஒரே மாதிரி மீட்டினாலும் முன் காந்தத்தில் சத்தம் குண்டாக, உருண்டையாக வருகிறது. பின் காந்தத்தில் ஊசி மாதிரி வருகிறது. எது வேண்டும் என்று சொல்ல ஒரு சின்ன ஸ்விட்ச். முன்னால், பின்னால், நடுவில் வைத்தால் இரண்டும். அதற்குக் கீழே டோன் குமிழ். அதைத் திருகினால் சத்தத்தின் கூர்மை குறைந்துகொண்டே போய்க் கம்பளிக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

"உங்க கொரலும் பின் காந்தமும் ஒரே உசரம்க்கா. ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நொழஞ்சா முட்டத்தான செய்யும்" என்றான். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கிற அந்த நொடியில் ஸ்விட்ச் நடுவுக்கு வரும், சுண்டுவிரல் டோனைக் கொஞ்சம் இறக்கும். என் வரி முடிந்ததும் டக்கென்று பின்னால் போகும், கூட்டம் விசிலடிக்கும். இதற்காக அவன் ஒரு சுரத்தைக்கூட விட்டதில்லை. சண்டை போடப் போனவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் குரல் வெளியே வந்தது, வேலையும் நிலைத்தது. அடுத்து குரங்கணித் திருவிழாவில் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று அவன் கையை விட்டுக் கண் எடுக்காத ஒரு ஜீப் டிரைவர், கச்சேரி முடிந்ததும் அண்ணனிடம் சொன்னார்: "இந்தாளு கையில ஜீப்பக் குடுங்கண்ணே. போடிமெட்டு வளைவு அம்புட்டுலயும் கியர் மாத்துறது வண்டிக்கே தெரியாது."

வீணை வராத சரஸ்வதி பூஜை

ஒரு மில்லில் சரஸ்வதி பூஜைக் கச்சேரி. தேனியிலிருந்து வரவேண்டிய வீணைக்காரருக்குக் காய்ச்சல். முதல் பாட்டே நீளமான வீணையோடு தொடங்குகிறது. அண்ணன் முகம் செத்துவிட்டது. "நான் பாத்துக்கிர்றேண்ணே" என்றான் தங்கவேல். ஸ்விட்சை முன்னால் தள்ளி, டோனை முக்கால்வாசி மூடி, கம்பி மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வெறும் கட்டைவிரலால் மீட்டினான். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கமகம் கொடுத்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாட வேண்டிய இடத்தில் பாட மறந்து நின்றேன். நல்லவேளை, அவன் அதையே இன்னொரு தரம் வாசித்து என்னைக் காப்பாற்றினான்.

முடிந்ததும், உள்ளே பூஜையில் இருந்தபடியே கேட்ட ஓர் அம்மாள் கையில் குங்குமத் தட்டோடு மேடைக்குப் பின்னால் வந்தார். வீணை கற்றவராம், அங்கே ஒரு டாக்டரின் மனைவி. வீணையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தங்கவேல் கூச்சத்தோடு சிவப்புக் கிட்டாரை நீட்டினான். அந்த அம்மாள் தொங்குகிற வயரைப் பார்த்தார், குமிழ்களைப் பார்த்தார். பிறகு ஸ்விட்சுக்கு முன்னால் ஒரு பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "வயரு தொங்குனா என்னப்பா, உள்ள உக்காந்திருக்கிறவ ஒருத்திதானே."

ஸ்டோரில் காய்ந்த கிட்டார்

அந்தப் பொட்டை அவன் அழிக்கவே இல்லை. அதோடுதான் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் விழாவுக்கு ஜீப்பில் போனோம். வழியெல்லாம் மூடுபனி. மேலே போய் வயரை மாட்டினால் கிட்டார் கரகரவென்கிறது. டோன் குமிழைத் தொட்டால் தவளை, ஸ்விட்சைத் தள்ளினால் மௌனம். உள்ளே ஈரம் இறங்கிவிட்டது. ஸ்விட்ச் இல்லாமல் பின் காந்தத்திலேயே மாட்டிக்கொண்டால் என் கதி என்ன?

ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்ட மலையாளி குட்டப்பன் சேட்டன், "கொண்டா இவிடெ" என்று கிட்டாரை வாங்கி, கம்பிகளைத் தளர்த்தச் சொல்லி, சூடு அதிகம் படாத ஓர் ஓரத் தட்டில், காய்களுக்கு நடுவிலேயே படுக்க வைத்துவிட்டார். தங்கவேல் அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பச்சை மாறாமல் காய்ந்தால்தான் ஏலக்காய் முதல் ரகம், நிறம் போனால் விலையும் போச்சு என்று சேட்டன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் வெளியே எடுத்தபோது ஸ்விட்ச் மூன்று இடத்திலும் பேசியது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் என் இடது பக்கம் ஏலக்காய் வாசம்தான். கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கும்போது சேட்டன் அதன் சிவப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஈரம் முழுக்கப் போயி கேட்டோ. பக்ஷே முதல் ரகத்துல சேக்க மாட்டேன், நிறம் போயிருச்சு."

பொட்டிபுரத்தில்

எண்பதுகளின் நடுவில் எனக்குத் தொண்டையில் ஒரு சின்ன ஆபரேஷன். பாடலாம், கத்தக்கூடாது என்றார் மதுரை டாக்டர். பாடிப் பார்த்தால் அது என் குரலே இல்லை. சுருதி நின்றது, ஆனால் கீழே இறங்கி, பளபளப்பெல்லாம் போய், தூசி படிந்த மாதிரி இருந்தது. ஒத்திகையில் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் அக்கார்டியனைத் துடைத்தார். "பொட்டிபுரத்துத் திருவிழாவுல பாடு தாயி. சனங்க என்ன சொல்றாகன்னு பாத்துக்கிருவம். தேனியில ஒரு பொண்ணு நல்லாப் பாடுதாம்" என்றார். எனக்கு அழுகையாக வந்தது. தபேலாக்காரருக்கு நடந்தது இனி எனக்கு.

பொட்டிபுரத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடங்கினேன். ஆச்சரியம், ஸ்பீக்கரிலிருந்து என் குரல் தெளிவாகத் திரும்பி வந்தது. தொண்டை சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். பல்லவி முடிந்து கிட்டார் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. வழக்கமான டக் சத்தம் வரவில்லை. கிட்டார் அடித்தொண்டையில் முனகியது. முன்னால் நின்ற இளவட்டங்கள் விசிலுக்கு வாயில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "அண்ணே, பின்னாடி தள்ளுங்கண்ணே!" என்று ஒருவன் கத்தினான். தங்கவேல் குனிந்த தலை நிமிரவில்லை. அடுத்த பாட்டும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். ஸ்விட்ச் குங்குமப் பொட்டை ஒட்டி முன்னாலேயே கிடந்தது. டோன் குமிழ் அடியோடு மூடியிருந்தது.

வயரைச் சுருட்டுகிறபோது கேட்டேன்: "நான் பாடாத எடத்துலயாவது பின்னாடி வச்சிருக்கலாமே தம்பி. விசில் போச்சே?"

"நான் பளீர்னு வாசிச்சு முடிச்ச கையோட நீங்க வந்தா, கொரலு மங்கலாத் தெரியும்க்கா. நான் மங்கலா இருந்தா நீங்க வெளிச்சமாத் தெரிவீங்க. அம்புட்டுத்தான், இது ஒரு சோலியா" என்றான். விசிலுக்காகவே பகலெல்லாம் கடையில் காத்திருப்பவன் அவன். அந்த மாதிரி ஒரு மனசுக்கு முன்னால் நான் பாடிய பாட்டெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முடிவு தெரியாமல் இருக்க முடியாமல், இருவரும் பந்தல் வாசலுக்குப் போய் அண்ணனுக்குப் பின்னால் நின்றோம். அவர் வெற்றிலையைக் கையில் வைத்திருந்தாரே தவிர வாயில் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு விவசாயி, அவரைப் பார்த்ததும் நின்று, ஊரைக் காப்பாற்றுகிற அக்கறையோடு சொன்னார்: "பாட்டுக்காரம்மா கொரலு கணீர்னு இருந்துச்சுண்ணே, ஒரு கொற சொல்ல முடியாது. அந்தக் கித்தார்காரருக்குத்தான் கை ஓஞ்சு போச்சு போல, வெரசா வேற ஆளைப் பாருங்க."

தங்கவேல் சிரித்த சிரிப்பில் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கிட்டார் ஏன் மங்கியது என்று அவருக்கும் புரிந்தது; எங்கள் இருவரில் யாரையும் மாற்றவில்லை. அன்றோடு அவர் பந்தல் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார். பொட்டிபுரத்தில் மட்டும் இன்றைக்கும் எங்கள் குழுவைப் பற்றிக் கேட்டால், பாட்டு பிரமாதம், கிட்டார்தான் சுமார் என்கிறார்களாம்.