ஜம்போ மிஸ்

மில்ட்ரெட் டீச்சரின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. 1982 மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்தபின் அவரைப் பார்த்துக்கொள்ள கட்கி கன்டோன்மென்டில் இருந்த அவர் வீட்டுக்கு நான் நர்ஸாகப் போனேன். டீச்சருக்கு வயது அறுபத்தொன்று, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கன்டோன்மென்ட் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர். டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: இந்த வாரத்துக்குள் எழுந்து நிற்காவிட்டால் இனி நிற்கவே மாட்டார்.

நானும் வேலைக்கு வரும் பட்டுவும் இரண்டு நாள் முயன்றோம். உட்கார வைக்க முடிந்தது, நிற்க வைக்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் டீச்சரின் பழைய மாணவன் சவரிமுத்து இருந்தான். வெடிமருந்துத் தொழிற்சாலையில் கனமான இயந்திரங்களைத் தூக்கி வைப்பது அவன் வேலை. அவனைக் கூப்பிடலாம் என்றேன்.

"வேண்டாம் சிஸ்டர். எனக்கு ஜம்போ மிஸ்னு பேர் வெச்சது அவன் கிளாஸ்தான்."

1971இல் பம்பாய்க்கு ஜம்போ என்ற ராட்சத விமானம் வந்ததாம். அந்த வாரமே இவருக்குப் பெயர் விழுந்தது. டீச்சர் யாரையும் தண்டிக்கவில்லை, அகராதியைத்தான் புரட்டினார். படுத்தபடியே எனக்கும் சொன்னார்.

"விமானத்துக்கு முன்னாடி ஒரு யானைக்கு அந்தப் பேரு. ஆப்பிரிக்காவுல பிடிச்சு லண்டன்ல வளத்தது. அதுக்கப்புறம்தான் பெருசா இருக்கிற எல்லாத்தையும் ஜம்போன்னாங்க. ஆனா யானைக்கும் முப்பது நாப்பது வருஷம் முந்தியே அந்தச் சொல்லு இருக்கு. தடுமாறி நடக்கிற குண்டு ஆளுன்னு அர்த்தம். எந்த பாஷையிலேர்ந்து வந்துதுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியலை."

"அந்த யானை என்ன ஆச்சு?"

"சர்க்கஸ்காரன் வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனான். கனடாவுல ரயில் மோதிச் செத்துப்போச்சு."

"ரயிலே வேண்டாம் டீச்சர். யானை நாள்கணக்கா படுத்தே கிடந்தா அதோட எடையே நெஞ்சை அமுக்கிடும். உங்களுக்கு இப்பவே நெஞ்சுல சளி கட்டியிருக்கு. முதுகுல தோல் சிவந்தாச்சு, அடுத்தது படுக்கைப்புண்தான்."

டீச்சர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் டீ குடித்தபின், "வரச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கூட வேலை பார்க்கும் பரமசிவத்தோடு சவரிமுத்து வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, "குட் மார்னிங் மிஸ்" என்று இழுத்தான்.

"நாலு ஆள் சேந்து தூக்கற எடை. முடியுமாடா?"

"போன வாரம் மூணு டன் லேத் மெஷினை இறக்கினோம் மிஸ். நீங்க எந்த மூலைக்கு?"

"லேத்துக்குக் காது கிடையாது. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

டீச்சரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பெட்ஷீட்டை நான்காக மடித்து இடுப்புக்கடியில் கொடுத்தோம். ஒரு பக்கம் நானும் பட்டுவும், மறுபக்கம் அவர்கள். தப்பு அங்கேதான் நடந்தது. நர்ஸ்கள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மூன்றில் தூக்குவோம். தொழிற்சாலையில் ஒருவன் "ஜோர் லகாகே" என்று, பலமாக இழுக்கச் சொல்லி, இந்தியில் குரல் கொடுப்பான், மற்றவர்கள் "ஹைஷா" என்று சொல்லும்போதுதான் இழுப்பார்கள். நான் மூன்று என்றதும் நாங்கள் இருவரும் தூக்கிவிட்டோம். அவர்கள் குரலுக்காகக் காத்து நின்றார்கள். ஷீட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, டீச்சர் கட்டிலில் சரிந்து அலறினார்.

காலை நீட்டிப் பார்த்தேன். நீளம் சரி, பாதம் திரும்பவில்லை. ஆபரேஷனில் வைத்த தகடு நகரவில்லை என்று தோன்றியது.

"நான் கிளம்பறேன் சிஸ்டர்" என்றான் சவரிமுத்து. வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான்.

"எங்க போற? ஒரு வேலைக்கு ரெண்டு மேஸ்திரி வெச்சா இப்படித்தான்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே நான் சொல்றேன். நான் சொன்னதும் எல்லாரும் தூக்கணும். சிஸ்டர், நீங்களும்தான்."

ஷீட்டைச் சரிசெய்தோம். அவர் மூச்சை இழுத்தார்.

"ஸ்டாண்ட் அப்!"

வகுப்பறைக் குரல். நான்கு பேரும் ஒரே சமயத்தில் தூக்கினோம். கால் தரையில் பதிந்தது. முழங்கால் நடுங்கியது, மடங்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது வினாடி ஆனதும் பரமசிவத்தின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"உட்கார வைக்கலாமா?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் சிட் டவுன் சொல்லலையே" என்றார்.

ஒரு நிமிடம் பத்து வினாடி நின்றார். நோட்டில் எழுதிவிட்டு முதுகுக்குப் பவுடர் போட்டேன்.