வாக்குறுதி இல்லாத மைக் ஆட்டோ

மைக் பிடித்துப் பிழைக்கிறவனுக்கு ஊரில் முகம் கிடையாது, தொண்டை மட்டும்தான். கோயில் கொடை, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, இரங்கல் செய்தி, தேர்தல் எல்லாம் எனக்கு ஒரே தொழில். தேர்தல் நேரத்தில் கைப்பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுபட்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் இருவருமே பிரச்சார ஆட்டோவால் அவதிப்பட்டவர்கள். நீங்கள் வெளியே, நான் உள்ளே.

ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள ஒரு பேரூராட்சியில் நடந்தவை இவை. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

என்ன சொல்லிக் கூவ?

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். பேரூராட்சியின் முன்னாள் தலைவர் உடனே தன் மனைவியை நிறுத்தினார். எதிர்த்துச் சுயேச்சையாக நின்றவர் சுப்புத்தாய் அக்கா. ராஜபாளையத்துக் கம்பெனிகளுக்குப் பேண்டேஜ் துணி வெட்டி மடித்துக் கொடுக்கும் ஷெட் ஒன்றை நடத்துகிறார். அவர் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் தலையை ஆட்டுவார், சில சமயம் அதுவும் இல்லை.

அவர் பிரச்சாரத்துக்குப் பேசக் கூப்பிட்டதால் நானும் ஆட்டோ ஓட்டுகிற இசக்கியும் ஷெட்டுக்குப் போனோம். “வாக்குறுதி என்னக்கா?” என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணும் கெடையாது. பேரூராட்சியில காசு இல்ல. போர்வெல் மோட்டார் எரிஞ்சு கெடக்கு, தெருவிளக்குக்குக் கரண்டு பில்லு கட்டல. வரியும் மார்க்கெட் கடை வாடகையும் ஒழுங்கா வந்தாத்தான் தண்ணி வரும். நான் ஜெயிச்சா கேட்டு வாங்குவேன். இதச் சொல்லு, போதும்.”

ஓட்டுக் கேட்கப் போகிற இடத்தில் வரி கேட்பதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் இசக்கி வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். “அண்ணாச்சி, நம்ம வாடகைய இப்பவே வாங்கிருவோம்.”

வளைவு

ஊருக்குள் நுழையும் இடத்தில் முன்னாள் தலைவர் ஒரு அலங்கார வளைவு கட்டியிருந்தார். இரண்டு பக்கமும் யானை, உச்சியில் அவர் பெயர். மோட்டார் எரிந்தபோது ஆபீசில் கையிருப்பு இல்லாமல் போனதற்கு அந்த யானைகளும் ஒரு காரணம். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை லாரித் தண்ணீர்தான்.

வளைவுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார் அக்கா. நானும் குரலை உயர்த்தி, “குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊருக்கு எதற்கு வளைவு? எதற்கு யானை?” என்று கேட்டேன். அடியில் குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டுவார்கள் என்று ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினேன். கைதட்டவில்லை. ஒரு அம்மா மட்டும் எழுந்து வந்தார். “வளைவ ஒண்ணும் சொல்லாதய்யா. லாரிக்குக் காத்துக் கெடக்கைல இங்கதான் செத்த நேரம் நெழல் இருக்கு.”

எதிரே வந்த நான்

எங்கள் ஊர்த் தெருக்களில் ஒரு ஆட்டோ போனால் இன்னொன்று நிற்க வேண்டும். ஒரு நாள் காலையில் முன்னாள் தலைவர் தரப்பு ஆட்டோ எதிரே வந்து நின்றது. அதில் மைக் பிடிக்க ஆள் இல்லை, பென் டிரைவில் பதிந்த குரல்தான். “இருபத்துநாலு மணி நேரமும் குடிநீர்! தெருவெல்லாம் விளக்கு! வரி உயர்வே இல்லை!” என்று கம்பீரமாக ஒலித்தது. குரல் என்னுடையது. வேட்புமனுத் தாக்கல் தொடங்குவதற்கு முன்னாலேயே ராஜபாளையத்து ஸ்டூடியோவுக்கு என்னைக் கூட்டிப் போய்ப் பதிந்திருந்தார்கள். எங்கள் தொழிலில் இது சகஜம். அன்று மதியச் சாப்பாட்டில் கோழி இருந்தது.

இரண்டு வண்டியும் பின்வாங்க மறுத்தன. நான் மைக்கில் “காசு இல்லை” என்கிறேன், எதிரே இருந்து நானே “எல்லாம் உண்டு” என்கிறேன். சுப்புத்தாய் அக்கா இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு, “அதுல இன்னும் உருக்கமாப் பேசியிருக்கியே” என்றார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், அது இல்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர்தான் தீர்ப்புச் சொன்னார். “ஏலே மைக்கு, மொதல்ல நீ உங்கூடப் பேசி ஒரு முடிவுக்கு வா. பொறவு எங்ககிட்ட வா.”

மடவார் வளாகத்தில்

பிரச்சாரத்தின் கடைசித் திங்கட்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நோட்டீஸ் வாங்கப் போன கையோடு மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுவிடலாம் என்றார் அக்கா. பிரகாரத்தில் ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவரே வந்து, “நாந்தான் ஜெயலட்சுமி” என்றார். எதிர் வேட்பாளர்! தெருவுக்குத் தெரு அவர் போஸ்டர்தான், ஆனால் அதில் கணவர் முகம் பூசணிக்காய் அளவுக்கும் அவர் முகம் பொட்டு அளவுக்கும் இருக்கும். எப்படி அடையாளம் தெரியும்?

இரண்டு பேரும் தூணோரம் உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், காது கேட்கிற தூரம்தான். “நீங்க பேசுனத ஜன்னலோரமா நின்னு கேட்டேன்க்கா. மோட்டார் மாத்த எம்புட்டு ஆகும்னு எங்க வீட்டுல அவியட்ட கேட்டேன். ஒனக்கெதுக்கு அதெல்லாம்னு சொல்லிட்டாவ” என்றார் ஜெயலட்சுமி. அக்கா ஆறுதலாக ஏதும் சொல்லவில்லை. மோட்டார் மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை விவரமாகச் சொன்னார். அந்த அம்மா பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. “நான் ஜெயிச்சா அந்தத் தலைவர் நாக்காலியில எனக்கு எடம் இருக்காதுக்கா. அவிய இப்பவே அதுக்கு மெத்த தைக்கக் குடுத்துட்டாவ.”

எண்ணிக்கை

எண்ணி முடித்தபோது அக்கா ஜெயித்திருந்தார். வித்தியாசம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்காரும் ஆட்கள் அளவுதான். வெளியே வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஷெட்டில் வேலை பார்க்கிற பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனவர், முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  

மாலையைக் கழற்றுவதற்குள் ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாழ்த்தத்தான் வருகிறார் என்று வழிவிட்டோம். “தாயி, எங்க தெருவுக்கு நாளைக்குக் காலையிலயா, சாயந்தரமா, எப்ப தண்ணி விடுவீக?”

நடுவில் ஒரு ஆள்

தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பதினைந்து பேரில் ஏழு பேர் முன்னாள் தலைவரின் ஆட்கள், ஏழு பேர் அவரைப் பிடிக்காதவர்கள், மிச்சம் அக்கா. பதினாலு பேரையும் குற்றாலத்துக்கு வேனில் கொண்டுபோய்விட்டார்கள், அணிக்கு ஒரு லாட்ஜ். ஆனால் அருவியில் குளிக்கும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் குளித்ததாகக் கேள்வி.

அக்கா போகவில்லை, லோடு அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் ஷெட்டுக்கே வந்தார்கள். இரண்டு தரப்பிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: “மார்க்கெட் கடைக நெறைய ஒங்க சொந்தக்காரங்க பேர்லதான் இருக்கு. வாடகைய வசூல் பண்ணுவீகளா?” இரண்டு தரப்பும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் யாருக்கும் ஓட்டுப் போடாவிட்டால் சமமாகிவிடும், குலுக்கல்தான். குலுக்கலில் எதிரி வந்துவிடுவானோ என்று இரண்டு அணிக்கும் பயம். கடைசியில் இரண்டு அணியும் சேர்ந்து அக்காவையே தலைவராக்கிவிட்டார்கள். வெளியே காத்திருந்த முன்னாள் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே தன் ஆட்களைத் தேற்றினார். “ஆறு மாசம் உக்காரட்டும். காசு இல்லாத நாக்காலியில அதுக்கு மேல யாருலே உக்காருவா?”

முதல் கடை

பதவியேற்ற வாரமே எனக்கு ஆள் அனுப்பினார். அதே ஆட்டோ, அதே இசக்கி. இந்த முறை வரி, வாடகை அறிவிப்பு. மார்க்கெட்டுக்குள் நான் கூவிக்கொண்டே போக, அக்கா வீட்டுக்காரரோடு பின்னால் நடந்து வந்தார். எந்தக் கடையில் தொடங்குவார் என்று எல்லாக் கடைக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் நேராகப் போய் நின்றது செல்வத்தின் செல்போன் கடை. செல்வம் அவருடைய கொழுந்தன், வீட்டுக்காரரின் தம்பி. தேர்தலில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவன்.

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. “கடையப் பூட்டணும், இல்ல வாடகைப் பாக்கியக் கட்டணும்” என்றார். அவன் அண்ணனைப் பார்த்தான். பட்டாளத்துக்காரர் தலையை ஆட்டவே இல்லை, தரையைப் பார்த்தார். ஒரு குடும்பம் அந்த இடத்திலேயே இரண்டாகிவிடும் போலிருந்தது. நான் மைக்கை அணைத்துவிட்டேன். செல்வம் உள்ளே போய்ச் சாயந்தரத்துக்குள் கட்டுவதாகச் சொல்லி, கட்டவும் செய்தான். அதன்பின் மற்ற கடைக்காரர்களும் ஒவ்வொருவராகக் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் பொங்கல் வரைக்கும் அவன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அன்று ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டே அவன் சொன்னது எனக்கு மட்டுமா கேட்டது, மார்க்கெட் முழுக்கக் கேட்டது. “ஒங்களுக்கு ஓட்டுக் கேட்டவனே மொத ஆளா அழணுமா மதினி?”

புது மோட்டார் மாட்டிக் குழாயில் தண்ணீர் வந்த அன்று என் மைக்கை யாரும் கூப்பிடவில்லை, நல்ல செய்தி இந்த ஊரில் தானாகவே தெருவுக்குத் தெரு போய்விடுகிறது, கெட்ட செய்திக்குத்தான் ஆள் வைத்துக் கூவ வேண்டியிருக்கிறது.