மேலிருந்து மூன்றாவது ஜன்னல்

போன கிழமை என் மகள் தன்னுடைய போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "உம்மா, எந்த ஊரெண்டாலும் சொல்லுங்க, மேல இருந்து காட்டுறன்" என்றாள். மக்கா என்றோ மதீனா என்றோ சொல்லியிருக்க வேண்டும், அதுதான் முறை. என் வாயோ "கட்டார்" என்று சொல்லிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கட்டாருக்குப் போனதில்லை. மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஊரைக் கொண்டுவந்து தந்தாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடலோரமாகத் தேடினேன். பச்சைப் பாலம் ஒன்று, அதைத் தாண்டினால் தொப்பி கவிழ்த்த மாதிரி உச்சியுள்ள நீலக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று. எவ்வளவு தேடியும் இல்லை. "என்ன உம்மா தேடுறீங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் தேடியது ஒரு கொம்பியூட்டர் விளையாட்டுக்குள் இருந்த ஊரை.

சிரிக்காதீர்கள். அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. என் சொந்த ஊரான சாய்ந்தமருதில் இன்றைக்கும் இரண்டு ஒழுங்கைக்குள் போனால் வழி கேட்கிறவள் நான்.

கலியாணம் முடிக்க முந்தி, பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் பெண்களுக்குக் கொம்பியூட்டர் படிப்பித்தேன். ஐந்து கொம்பியூட்டர், அதில் இரண்டு எப்போதும் கோபித்துக்கொண்டிருக்கும். கீழேயிருந்து கஞ்சி போட்ட புதுத் துணி வாசம் படியேறி வரும். இப்போதும் பெருநாளுக்குத் துணி எடுக்கப் போனால் என் விரல்கள் தாமாகவே ஏதோ தட்டெழுதப் பார்க்கும்.

வந்தவர்களுக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. மேசையில் வைத்து நகர்த்தச் சொன்னால், தூக்கித் திரைக்கு நேரே நீட்டி, டீவி மாற்றுவது போல அமத்துவார்கள். கை பழகட்டும் என்று முதலாளி ஒரு விளையாட்டைப் போட்டுத் தந்தார். ஒரு பெரிய பட்டணம், அதற்கு மேலே மஞ்சள் ஹெலிகொப்டர், அதை ஓட்டுவது நாங்கள். கோபுரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுகிற பூனையைக் காப்பாற்ற வேண்டும். தடித்த மனிதர் ஒருவரைக் குடையோடு ஏற்றி இறக்க வேண்டும். கலியாணக் கேக்கை நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கட்டடத்தில் மோதினால் வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. சண்டைக் காலத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்த எங்களூர்ப் பெண்கள், அதே சத்தம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்ததை அந்த அறையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அங்கேதான் ஜெஸீமா ராத்தா வந்தார். ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. நாற்பது வயதிருக்கும். புருஷன் கட்டாருக்குப் போய் ஆறு வருஷம். அந்த உழைப்பில் மூத்த மகளுக்கு வீடு எழும்பி, மாப்பிள்ளையும் வந்துவிட்டார். அதே வளவுக்குள் இளைய மகளின் வீடு கதவு நிலை மட்டத்தோடு நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துச் சங்கதி உங்களுக்குத் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை எங்கே வந்து குடியிருப்பது? அதனால் அவர் அங்கேயே கிடந்தார். "நீலக் கண்ணாடிக் கட்டடம், ஏசி ரூம், ஒபீஸ் வேல" என்று ஒவ்வொரு தடவையும் போனில் சொல்வாராம். கெமராவில் முகம் பார்த்துக் கதைக்கப் பழக வேண்டும் என்றுதான் ராத்தா எங்களிடம் சேர்ந்தார்.

முதல் நாளே ஹெலிகொப்டரை எழுப்பிவிட்டு, "புள்ள, இது கட்டாரா?" என்று கேட்டிருக்கிறார். நான் அந்த மூலையில் பிரிண்டரின் வாய்க்குள் சிக்கிய கடதாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்றேன். கேள்வி என் காதில் விழவே இல்லை. என் படிப்பித்தல் எப்போதும் அந்த லட்சணத்தில்தான்.

அடுத்த கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தது. எங்களிடம் வந்தால் கட்டாரைப் பார்க்கலாம் என்று கதை பரவிவிட்டதாம். மருதமுனையிலிருந்து வந்த ஒரு உம்மா என் கையைப் பிடித்து, "டீச்சர், என்ட மகன் வேல செய்யிற ஆஸ்பத்திரிய ஒருக்கா காட்டுங்க" என்றார். எல்லாரையும் கூப்பிட்டு, "இது விளையாட்டு, இப்படியொரு ஊரே இல்லை" என்று தெளிவாகச் சொன்னேன். "ஓம் டீச்சர்" என்று தலையாட்டிவிட்டு, எல்லாரும் திரும்பவும் கட்டாருக்குப் பறந்தார்கள். நம்புகிறார்களா, நம்புகிற மாதிரி இருக்கிறார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதலாளிக்கு மட்டும் நல்ல சந்தோஷம்.

ஜெஸீமா ராத்தா பூனையையும் கவனிப்பதில்லை, கேக்கையும் கவனிப்பதில்லை. ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நீலக் கட்டடத்துக்கு முன்னால் போய் அந்தரத்தில் நிற்பார். எண்ணெய் முடியப்போகிறது என்று சிவப்பு எழுத்து மின்னும். "ராத்தா, பூன அழுகுது" என்பேன். "அழட்டும் புள்ள" என்பார்.

பிறகு அவருடைய மனிசன் இரண்டு மாத லீவில் வந்தார். திரும்பிப் போகிற டிக்கட்டும் கையிலேயே இருந்தது. ஒருநாள் காலையில் ராத்தா அவரை வகுப்புக்கே கூட்டிவந்துவிட்டார். ஆண்கள் வராத இடம். பெண்களெல்லாம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மெலிந்த மனிதர், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டு, செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ராத்தா அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, பாலத்தைத் தாண்டி, ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் போய் நீலக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினார். என் மாணவியின் கைத்திறமையைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

"இஞ்ச பாருங்க. நீங்க வேல செய்யிற இடம் இதுதானே?"

அவர் திரையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

"ஓம். இதுதான்" என்றார்.

"உங்கட ஜன்னல் எது?"

விரலை நீட்டினார். "மேல இருந்து மூணாவது."

"மாஷா அல்லாஹ், நல்ல காத்தோட்டமான இடம்" என்று சொல்லிவிட்டு ராத்தா எழும்பினார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. மனிசனும் கட்டாருக்குப் போகவில்லை. மாவடிப்பள்ளியில் ஒரு அரிசி மில்லில் வேலைக்குச் சேர்ந்தார் என்றும், இருந்த வீட்டையே குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்து இளைய மகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். என் "ஓம், ஓம்" ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்துவிட்டதோ என்ற பயம் எனக்குள் பல வருஷம் இருந்தது.

மகளின் போன் அதைக் கிளறிவிட, நேற்று ராத்தாவைப் பார்க்கப் போனேன். அந்த மனிசன் மௌத்தாகி இரண்டு வருஷம். தேத்தண்ணி குடித்து முடிந்ததும் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் விஷயத்தைத் தொடங்கினேன். ராத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நீ சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? அந்த ஊர் முழுக்கச் சுத்தினன். ஒரு பள்ளிவாசல் இரிக்கா? பள்ளிவாசல் இல்லாத கட்டாரா புள்ள?"

படிப்பித்த எனக்கு அது இன்றுவரை கண்ணில் படவில்லை. "அப்ப ஏன் அவரக் கூட்டி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆறு வருஷமா ஏசி ரூம் எண்டாரு. வந்து கையப் புடிச்சா, சீமெந்து திண்ட கை. கேட்டா வாயே திறக்க மாட்டாரு. இந்தப் பொய் ஊரக் காட்டினா, இது இல்ல எண்டு சொல்லுவாரா எண்டு பாத்தன். ஓம் எண்டாரு. ஜன்னலும் காட்டினாரு. அந்த விரல நீ பாக்கல்லயா? ஊட்ட வந்து பாஸ்போட்ட எடுத்து அரிசி வாளிக்குள்ள போட்டன். போதும், இரிக்கிற வீட்ட நம்மளே பிரிச்சுக் குடுப்பம் எண்டன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு நாள் படுத்துத் தூங்கினாரு."

அது விளையாட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டேன். ராத்தா கோப்பையைச் சாய்த்து அடியைப் பார்த்தார். "அதத்தான் நானும் யோசிக்கிறன். கேக்க வெக்கமாப் போச்சு. இனி ஆருக்கிட்டக் கேக்கிற?" என்றார்.

பிறகு, அந்த விளையாட்டு இன்னும் எங்கேயாவது இருக்கிறதா என்று விசாரித்தார். கொம்பியூட்டர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன, அந்த மேல்மாடியில் இப்போது துணிக் கடையின் பொம்மைகள் கைகால் கழன்று கிடக்கின்றன என்று சொன்னேன்.

"ஒருக்கா அந்த மூணாவது ஜன்னலப் பாத்தா நல்லம் போல இரிக்கி" என்றார். "பொய்தான். எண்டாலும், அவர் இருந்த இடம் எண்டு அவர் கையால காட்டினது அது ஒண்டுதானே."

மகள் என் போனிலும் முழுக் கட்டாரையும் ஏற்றித் தந்திருந்தாள். நான் அதைக் கைப்பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.