புள்ளி இலைகள்

குளிர்நாட்டு நகரொன்றின் அஹுன்ட்சிக் பகுதியில், எங்கள் வீட்டுப் பின்வளவில் நசுங்கிய இலை மணத்தது. எரித்ரோனியம் என்ற காட்டுப் பூச்செடியின் புள்ளி இலைகளைக் கணவர் புல்லோடு சேர்த்து வெட்டியிருந்தார். விதை போட்டு ஐந்து வருடம் காத்திருந்தேன். இந்த வசந்தத்தில்தான் முதல் மொட்டு வந்திருந்தது.

"களை எண்டு நினைச்சன்," என்றார்.

ஊரில், மானிப்பாயிலும் ஒருநாள் இப்படித்தான் மணத்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. வேலியில் நான் படரவிட்ட கார்த்திகைப்பூக் கொடியை, மொட்டு விரியும் நேரத்தில், அப்பா கிழங்கோடு பிடுங்கினார்.

"நஞ்சுக் கிழங்கு. உனக்கென்ன தெரியும்?"

நஞ்சென்று எனக்கும் தெரியும். அதனால்தான் ஆடு எட்டாத இடத்தில் நட்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே! அஞ்சு வருஷமா நான் இதில குந்தியிருந்து பாத்தது உங்களுக்குத் தெரியாதோ?" என்று கணவரிடம் கத்தினேன்.

அதில் பாதிக் கோபம் அப்பாவுக்குரியது. தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.