சிங்கப்பூர் நாலு மணி நேரம், கொட்டாம்பட்டிதான் தூரம்

ஈரத்துணி, வாழை இலை, தெர்மோகோல் பெட்டி... மூன்றையும் மீறி மல்லிகை மொட்டு வாசம் அம்பாசிடர் கார் முழுக்க நிறைந்திருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். மடியில் பெட்டியோடு இருந்த நான்தான் அன்றைக்கு மதுரையின் வெளிநாட்டுத் தூதர். யாரும் நியமிக்கவில்லை, நானே ஆகிக்கொண்டேன்.

அக்காவுக்குச் சிங்கப்பூரில் வளைகாப்பு. டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். "நம்ம ஊரு மல்லி வராம வளையல் போட மாட்டேன்டா" என்று போனில் ஒரே பிடிவாதம்.

"அம்புட்டு தூரம் பூ தாங்குமாடா?" என்றார் அம்மா.

திருச்சியில் பிளேன் ஏறினால் மூவாயிரம் கிலோமீட்டர், நாலே மணி நேரம். எங்கள் பேட்டை சிம்மக்கல் முழுக்க இதைச் சொல்லியிருந்தேன். நானே ஓட்டிப் போகிற தோரணையில்.

திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டிகூடத் தாண்டவில்லை, டயர் வெடித்தது. ஜாக்கியும் வளைந்துபோனது.

"எம்புட்டு நேரம்ணே ஆகும்?"

டிரைவர் செல்வம் அண்ணன் நிதானமாகத் துண்டை உதறினார். "சிங்கப்பூரு நாலு மணி நேரம்னு ஊரெல்லாம் சொன்னியே மாப்ள, கொட்டாம்பட்டி எம்புட்டுன்னு யார்ட்டயாவது கேட்டியா?"

அந்த வெயிலில் தார்ரோட்டில் தோசை சுட்டிருக்கலாம். பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. மொட்டு வழியிலேயே விரிந்தால், அக்கா தலைக்கு வாடிய நார்தான் போய்ச் சேரும்.

எதிரே சர்பத் கடை. விஷயத்தைக் கேட்ட கடைக்கார அக்கா, ஒரு பெரிய ஐஸ் கட்டியை உடைத்துப் பாலிதீன் பையில் கட்டித் தந்தார்.

"காசெல்லாம் வேணாம். அங்கன யாராச்சும் கேட்டா, கொட்டாம்பட்டி ஐஸுன்னு சொல்லு."

லாரிக்காரர் ஒருவர் ஜாக்கி தர, கடைசி ஆளாக விமானம் ஏறினேன். மல்லி வாசத்தில் விமானியே வண்டியை அழகர்கோவில் பக்கம் திருப்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

அக்கா வீட்டுக்குப் போனபோது சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டரை. விருந்தாளிகள் சாப்பாட்டையே முடித்திருந்தார்கள். "இந்நேரம் பூ வாடியிருக்கும்" என்றார் அத்தான்.

பெட்டியைத் திறந்தேன். அத்தனையும் மொட்டு. எங்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக வாய் திறந்தது. சிங்கப்பூர் கடிகாரம் என்ன சொன்னால் என்ன, மதுரையில் அப்போது மணி ஆறு. பூவுக்கு அது போதும்.

அக்கா அழுதுகொண்டே கையை நீட்டினாள், வளையலுக்கு.

அன்றைக்கு வயிற்றிலிருந்தவளுக்கு இப்போது கல்யாணம். "மாமா, மல்லி கொண்டு வாங்க" என்கிறாள். தோட்டத்தையே பிடுங்கிக்கொண்டு வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மதுரையிலேயே ஏறி, நேரே சிங்கப்பூரில் இறங்கலாம். அதே நாலு மணி நேரம்தான்.

ஆனாலும் கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு நடை கொட்டாம்பட்டி போய் வரலாமென்று இருக்கிறேன்... ஐஸ் வாங்க.